பழைய டீமுக்குத்தான் வருவான்

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ரயில் பெட்டியில் ஒருத்தரும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வர முடியாது. புத்தூரிலிருந்து திருப்பதிக்குக் காலை ரயிலில் சீசன் டிக்கெட் வைத்துக்கொண்டு போகிற நாங்கள் நான்கு பேர் போடுகிற கூச்சலில், திருமலைக்குப் போகிற பக்தர்கள் மூட்டை முடிச்சோடு அடுத்த பெட்டிக்கு எழுந்து போயிருக்கிறார்கள். சண்டை அரசியலைப் பற்றியும் இல்லை, சினிமாவைப் பற்றியும் இல்லை. அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடுகிற எவனோ ஒரு நெட்டையனுக்கு அவன் டீமோடு போட்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இனி அவன் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை, ஃப்ரீ ஏஜென்ட். அடுத்து எந்த டீமில் போய்க் கையெழுத்துப் போடுவான் என்பதுதான் சண்டை. அவன் எங்கே போனால் உனக்கென்ன என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வருஷமும் கேட்பார். கிரிக்கெட் மட்டுமே பார்க்கிறவரிடம் என்ன பேசுவது.

நான்கு பேர் என்றேன். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிற நான், காலேஜ் நாட்களில் டீமில் ஆடியவள். ஒரு தனியார் காலேஜ் லெக்சரர். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் பையன். நான்காவது ஆள், நாங்கள் எல்லோரும் அண்ணா என்று கூப்பிட்ட, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர். திருப்பதியில் ஒரு லாட்ஜில் மேனேஜர். ஆறடிக்கு மேல் உயரம். ரயில் கதவில் குனிந்து ஏறி, ஜன்னலோர சீட்டில் காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்து, தலையைக் கைக்குட்டையால் ஒரு துடை துடைத்துவிட்டு ஆரம்பிப்பார்.

"இன்னாம்மா, எங்க கீறானாம் அவன்?"

யாரைப் பற்றிப் பேசினாலும் சரி, எந்த வருஷமானாலும் சரி, அவருக்கு ஒரே தீர்ப்புதான். "பழைய டீமுக்குத்தான் வருவான், பாரு." இதைச் சொல்வதற்கு அவருக்கு ஆதாரமே தேவைப்படாது. எதிரான ஆதாரம் எவ்வளவு கொட்டினாலும் உறைக்காது.

"அண்ணா, அவன் அந்த ஊர்ல கீற வீட்டையே வித்துட்டானாம்" என்பான் செல் கடைக்காரன். வதந்திக்கெல்லாம் அவன்தான் மொத்த வியாபாரி. "இனிமே எங்க திரும்பி வரப் போறான்."

"வீட்ட வித்தா இன்னா. ஊர வித்துட்டானா?"

லெக்சரர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "அதி ஜரகதுண்ணா. நடக்கிற கதையா இது? அந்த டீமுக்கு சம்பளத்துல ஒரு உச்சவரம்பு கீது. இவனச் சேத்துக்க அதுல எடமே இல்ல."

"எடம் இல்லன்னா பண்ணிக்குவாங்க. புள்ள வந்து வாசல்ல நின்னா எடம் இல்லன்னு சொல்ற வீடு எங்கனா கீதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அவன் புள்ள இல்லண்ணா, ஆட்டக்காரன். எவன் கூடக் குடுக்கிறானோ அங்க போவான். கப்பு ஜெயிக்கிற டீமா பாத்துப் போவான். உங்களுக்குக் கூடைப்பந்தே தெரியல."

"உனக்குக் கூடைப்பந்து மட்டுந்தாம்மா தெரியுது" என்று சிரிப்பார். இந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது. பூடி ஸ்டேஷன் தாண்டும் வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவருக்கு இரண்டு பையன்கள். பெரியவன் ஊரோடு இருக்கிறான், நிலத்தைப் பார்த்துக்கொள்வான் என்கிற தைரியத்தில் சின்னவனை ராமகுப்பத்தில் ஒரு வீட்டுக்கு இல்லரிகமாகக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் இது சகஜம். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்கே மகனாகவும் மருமகனாகவும் போய்த் தங்கிவிடுவது. அங்கே மல்பெரித் தோட்டம், பட்டுப்பூச்சி வளர்ப்பு, பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. தாம்பூலத் தட்டு மாற்றும்போது இரண்டு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுந்து நின்று, "இனிமே இவன் உங்க புள்ள" என்று இவரே வாயால் சொன்னார். சொல்லிக் கொஞ்ச நாளில் பெரியவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு குவைத்துக்குப் போய்விட்டான். வீட்டில் இவரும் இவர் சம்சாரமும் மட்டும் மிச்சம்.

கூடைப்பந்து அந்தச் சின்னவனால் வந்த வியாதிதான். அப்பனைப் போலவே உயரம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த, வலையில்லாத வளையத்தில் ஆடிப் பழகியவன். பள்ளிக்குக் கிளம்பும் முன் டிவியில் அமெரிக்க ஆட்டம் ஓடும். அப்பனும் பிள்ளையும் ஆளுக்கொரு தட்டில் பழைய சோற்றை வைத்துக்கொண்டு பார்ப்பார்களாம். ராமகுப்பம் போனபிறகு பையனுக்குப் பார்க்க முடியவில்லை. ஆட்டம் நடக்கிற நேரத்தில்தான் மல்பெரி இலை வெட்டிப் போட வேண்டும். புழு காத்திருக்காது. அதனால் இவர் ரயிலில் உட்கார்ந்து செல்லில் ஆட்டத்தைப் பார்த்து, முடிந்ததும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். "நம்ம டீமு தோத்துப்போச்சிடா. கடைசில அந்தக் குட்டையன் பந்த உட்டுட்டான்." பதிலுக்குப் பையன் ஒரு கட்டை விரல் படம் அனுப்புவான். அதைப் பார்த்துவிட்டு இவர் செல்லைச் சட்டைப் பைக்குள் வைப்பதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

வா என்று மட்டும் அவர் பையனிடம் சொன்னதே கிடையாது. கொடுத்த பிள்ளையைக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் சம்பந்தி வீட்டை அவமதித்த மாதிரி. "வர்ற வாரம் நம்மூருல கங்கம்மா ஜாத்திரைடா" என்பார், அதோடு சரி. வருவதும் வராததும் அவன் பாடு. ஒருமுறை செல் கடைக்காரன் செல்லைப் பிடுங்கி, "டேய், உங்க நைனா உன்ன வரச் சொல்றார்டா" என்று கத்தப் போனான். அவர் அவன் வாயைப் பொத்தியே விட்டார். வேடிக்கை இல்லை, நிஜமாகவே கோபம்.

கல்யாணமான வருஷத்து ஆடியைத்தான் எத்தனை தடவை சொல்லியிருப்பார். ஆடியில் புதுப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது எல்லோருக்கும் தெரிந்தது. இல்லரிக வீட்டில் பெண் இருப்பதே தாய் வீட்டில். அப்போது யார் கிளம்புவது? மாப்பிள்ளைதான். மாமியாரும் புது மருமகனும் ஆடியில் ஒரே வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று, பையனைப் பெட்டி படுக்கையோடு இங்கே அனுப்பி வைத்தார்கள். மாதம் முழுக்க இருந்தான். "ஊர்ல பொண்ணப் பெத்தவன்லாம் ஆடிக்குக் காத்துக்கினு இருப்பான். நான் புள்ளையப் பெத்து ஆடிக்குக் காத்துக்கினு இருந்தேம்மா" என்பார். சாயங்காலம் சீக்கிரம் ரயிலைப் பிடித்துவிடுவார். வளையத்துக்குக் கீழே பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டு நிற்பார், பையன் எறிந்துகொண்டே இருப்பான். மாதம் முடிந்ததும் சம்பந்தி வீட்டார் இனிப்புத் தட்டோடு ஜீப்பில் வந்து அழைத்துப் போனார்கள். ஜீப் கிளம்பியதும் நேராக ரயிலுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு அவர் எதிரில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். இறங்குகிற சமயத்தில், "அந்த நெட்டையன் இன்னா ஆனான்? பழைய டீமுக்கு வந்துட்டானா?" என்று கேட்டார். நான் தெரியாது என்றேன். வேறு டீமுக்குப் போய்விட்டது எனக்குத் தெரியும்.

பிள்ளை ஏக்கம் ஒரு பக்கம் இருந்தாலும், மனுஷர் நக்கலுக்குக் குறைச்சல் இல்லை. கணுக்கால் முறிந்த ஆட்டக்காரன் ஒருத்தனை எல்லா டீமும் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. லெக்சரர் அந்த எலும்பைப் பற்றியே தடுகு ஸ்டேஷன் வரை வகுப்பெடுத்தார். "இன்னாத்துக்கு இவ்ளோ யோசன" என்றார் இவர். "புத்தூர்க்கு இட்டுக்கினு வாங்க. கட்டுப் போட்டு, முட்ட குடுத்து, துன்ன வச்சி, ஓட உட்டு அனுப்பிச்சிடுவாங்க. ஊரு உலகமே நம்மூர்ல வந்து கட்டுப் போட்டுக்கினு போவுது, அவனுக்கு இன்னா கொம்பா?" எதிர் சீட்டில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த தடா ஊர்க்காரர் ஒருத்தர்கூடச் சிரித்துவிட்டார்.

அவர் தீர்ப்பு ஒரே ஒரு தடவை பலித்தது. வயசாகித் தேய்ந்துபோன ஆட்டக்காரன் ஒருத்தன், எல்லா டீமும் சுற்றிவிட்டுக் கடைசி வருஷத்துக்குப் பழைய டீமுக்கே வந்து கையெழுத்துப் போட்டான். அன்றைக்கு அவர் பெட்டி முழுக்க மசால் வடை வாங்கிக் கொடுத்தார், கூடைப்பந்தென்றால் என்னவென்றே தெரியாத பூக்காரிகளுக்கும் சேர்த்து. எனக்கு வயிற்றெரிச்சல்.

"ஒரு ஆட்டத்துலகூட எறக்க மாட்டாங்கண்ணா. பெஞ்சில உக்கார வைக்கத்தான் கூப்ட்டுக்கினு கீறாங்க."

"உக்காந்துக்கினு இருக்கட்டுமே" என்றார். "எங்க உக்காந்துக்கினு கீறான்றது தாம்மா விஷயம்."

ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. வீட்டில் மாமியாரோடு ஏதோ வாக்குவாதம், அந்தச் சூட்டோடு ரயில் ஏறியிருந்தேன். இவர் வழக்கம்போல், ஒருத்தன் பொறந்து வளந்த எடத்த விட்டுட்டு எப்படித்தான் இருப்பானோ என்று ஆரம்பித்தார். "ஏண்ணா, நாங்கள்லாம் எப்படி இருக்கறோம்?" என்று கேட்டுவிட்டேன். "ஒரு ஆம்பளப் பையன் மாமியார் வீட்டுக்குப் போனதுக்கு இத்தன வருஷமா ரயில்ல உக்காந்து பொலம்பறீங்க. ஊர்ல கீற பொம்பள அத்தன பேரும் அப்டித்தான் போறோம். எங்கள எவனாவது ஃப்ரீ ஏஜென்டுன்னு சொன்னானா? எங்க நைனா ஒரு நாளாவது எந்த ரயில்லயாவது பொலம்பினாரா?"

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கைக்குட்டையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"பொலம்பலன்னு உனுக்கு எப்டிம்மா தெரியும்? அவரு எந்த ரயில்ல போறாரு?"

என் நைனா வெதுருகுப்பத்தில் கரும்பும் நிலக்கடலையும் போடுகிறவர். ரயிலில் போகிற வேலையே இல்லாதவர். அன்று மத்தியானம் லேபிலிருந்து அவருக்குப் போன் பண்ணினேன். "இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று பதறினார். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். சும்மா பண்ணினேன் என்பதை நம்புவதற்கு அவருக்கு வெகுநேரம் ஆனது. போனை வைத்துவிட்டு லேப் பின்கட்டில் நின்று நன்றாக அழுதேன். அந்த மனுஷரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அவர் சம்சாரத்தை ஒரே தடவைதான் பார்த்திருக்கிறேன். மாம்பழக் காலத்தில் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். அந்த அம்மா குள்ளம், பேச்சு நறுக்கென்று இருக்கும். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, வாசலில் நின்ற அவரைக் காட்டி, "இவுரு தான் குடுத்தாரு. நான் ஒண்ணும் குடுக்கல" என்றார். சிரிக்கவில்லை. பையனின் கட்டிலை இன்னும் பிரித்துப் போடவில்லை, அதன் மேல் மாங்காயைப் பரப்பிப் பழுக்க வைத்திருந்தார். ஒரு மூலையில் காற்றிறங்கிய பந்து கிடந்தது. அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காக ஏங்கினார்கள். ஆனால் இவர் ஏங்குவதற்குக்கூட அந்த அம்மாவிடம் உரிமை இல்லாதவர்போல வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த வருஷம் பங்குனியில் ராமகுப்பத்துச் சம்பந்தி மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்தபின் அங்கே பேச்சு வேறு மாதிரி திரும்பியது. மாமியாரின் அண்ணன், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம், தங்கச்சியை நான் கூட்டிப்போய் வைத்துக்கொள்கிறேன் என்றாராம். மருமகளுக்கும் எங்கே போனாலும் சம்மதம். ஆக, இத்தனை வருஷம் கழித்துப் பையனைக் கட்டி வைத்திருந்த கயிறு அவிழ்ந்துவிட்டது.

எங்களுக்குக் கேட்க வேண்டுமா? அந்த ஜூலையில் அமெரிக்கக்காரனை நாங்கள் மறந்தே போனோம். பையன் எங்கே போவான் என்பதுதான் எங்கள் பெட்டியின் விவாதம். "டிப்ளமா படிச்ச பையன், பெங்களூர்ல கம்பெனிக்குப் போவான்" என்றார் லெக்சரர். "மல்பெரித் தோட்டத்த விட்டுட்டு எவனாவது வருவானா, அங்கதான் இருப்பான்" என்றான் செல் கடைக்காரன். எப்போதும் காசு, கப்பு என்று பேசுகிற நான்தான் அடித்துச் சொன்னேன், வீட்டுக்குத்தான் வருவான் என்று. வரவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்த அம்மா கட்டில் மேலிருந்த மாங்காயை வாரி எடுப்பதை மனசுக்குள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

அவர் மட்டும் அந்த வருஷம் தீர்ப்பே சொல்லவில்லை. நாங்கள் பேசப் பேச வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "நீங்க சொல்லுங்கண்ணா" என்று இடித்தால், "எனுக்கு இன்னா தெரியும்" என்பார்.

ஆடி பிறந்த வாரம். ரயில் பூடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் செல் அடித்தது, பையன்தான். சத்தத்தில் காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

"நைனா, நான் அங்கயே வந்துரட்டுமா?"

அவர் செல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "துன்னியாடா?" என்றார்.

"துன்னேன். அத்தயோட அண்ணன் தோட்டத்த குத்தகைக்குப் பேசிட்டாரு. இவளும் சரின்னா. நீ வான்னு சொன்னா இந்த வாரமே கெளம்பிடுவேன்."

"உங்க அத்த இன்னா சொல்றாங்க?"

"அத்த அண்ணன் வூட்டுக்குப் போவலன்னுது. எங்கூட வரவும் மாட்டேன்னுது. இந்த வூட்ட விட்டு நகர மாட்டேன், நீங்க போறதுனா போங்கன்னுட்டு ஒக்காந்துக்கினு கீது."

"தனியாவா?"

"ம்."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுங்கண்ணா, வான்னு சொல்லுங்க என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"எல வெட்டிட்டியாடா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"மொதல்ல போயி எலய வெட்டிப் போடு. புழு பசியில கெடக்கப் போவுது."

"நைனா, நான் கேட்டதுக்கு..."

"கேட்டுச்சிடா. அங்கயே இரு. அந்தம்மாவத் தனியா உட்டுட்டு வராத. இவன் உங்க புள்ளன்னு அத்தன பேரு முன்னால சொன்னேன். அது உங்க மாமனாருக்கு மட்டும் சொன்னது இல்ல."

"அம்மா..."

"அம்மாக்கு நான் சொல்லிக்கிறேன். வை."

வைத்துவிட்டார். லெக்சரர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. எனக்கு அடக்க முடியவில்லை. "உங்களுக்கு புத்தி கீதாண்ணா? இத்தன வருஷம் வருவான் வருவான்னு எங்க உயிர எடுத்தீங்க. வர்றேன்னு அவனே கேக்கறான், வேணாங்கறீங்களே. உங்க வூட்டம்மா மூஞ்சில எப்டி முழிப்பீங்க?"

"நான் கூப்புடலம்மா" என்றார், என்னைப் பார்க்காமலே. "பாத்த இல்ல? அவனாத்தான் கேட்டான்."

திருப்பதி வந்தது. கூட்டம் முட்டிக்கொண்டு இறங்கியது. அவர் இறங்கியதும் வெளியே போகிற வழியில் திரும்பாமல், எதிர்த் திசையில் புத்தூர் வழியாகப் போகிற ரயில் எந்தப் பிளாட்பாரம் என்று ஒரு போர்ட்டரைக் கேட்டார். நான் ஓடிப்போய் எதிரில் நின்றேன்.

"வேலைக்குப் போவலியா?"

"வூட்டுக்குப் போறேன். இத அவகிட்ட போன்ல சொல்ல முடியாது."

"எத சொல்லப் போறீங்க? அவன் வர்றேன்னு கேட்டதையா, நீங்க வராதன்னு சொன்னதையா?"

"ரெண்டும் தான் சொல்லணும்." தலையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "மொதல்ல அவன் கேட்டதச் சொல்றேன். கொஞ்ச நேரம் அத வச்சிக்கினு சந்தோஷமா இருக்கட்டும். அப்பறம் மத்ததச் சொல்லிக்கலாம்."